எஞ்சின் இல்லாத விளையாட்டு: மினியேச்சர் வார்கேம் முதல் தடவை ஆடினப்போ

இன்னைக்கு எபிசோடு மினியேச்சர் வார்கேம் பத்தி. ஒரு பெரிய மேஜை, அது மேல இடிஞ்ச கட்டடம் மாதிரி செட், ரெண்டு பக்கமும் பெயின்ட் அடிச்ச குட்டிக் குட்டி பொம்மைப் படை, கையில ஒரு டேப், ஒரு கைப்பிடி பகடை. இதை வச்சு ரெண்டு மூணு மணி நேரம் போர் நடத்துறதுதான் இந்த விளையாட்டு. இதுல உலகத்துலயே பெரிய பெயர் வார்ஹாமர் 40,000. நான் முதல் தடவையா ஆடினதும் அதுதான்.

"பொம்மை வச்சு விளையாடுறதுக்கு எதுக்கு ஒரு முழு எபிசோடு?" அப்படின்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடியோ கேம்ல சுவருக்குள்ள நடக்க முடியாது, இல்லாத தோட்டாவை சுட முடியாது. கோடு எழுதினவங்க விதியை உள்ளேயே பூட்டி வச்சிருக்காங்க. இந்த மேஜையில அப்படி எந்தப் பூட்டும் கிடையாது. தூரம் அளக்குறது நீங்க. பகடையைக் கூட்டுறது நீங்க. விதியை ஞாபகம் வச்சிருக்கிறதும் நீங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளும் நீங்களும் சேர்ந்துதான் கேம் எஞ்சின். எழுதுன கோடை மெஷின் அப்படியே ஓட்டும்னு பழகின எனக்கு, இதுதான் இந்த விளையாட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயம். மீதி எல்லாத்தையும் இந்த ஒரு கோணத்துல இருந்தே சொல்றேன்.

யார் தீர்ப்பு சொல்றது?

முதல்ல கொஞ்சம் வரலாறு. செஸ்ஸுக்கு மூதாதை நம்ம சதுரங்கம்னு எல்லாருக்கும் தெரியும். பெயரே நால்வகைப் படையைக் குறிக்கிறதுதான். அந்த செஸ்ஸை எடுத்து நிஜப் போருக்குப் பக்கத்துல கொண்டு போகணும்னு 1780-ல ஜெர்மனியில ஹெல்விக்ங்கிறவர் முயற்சி பண்ணினார். கட்டங்களைப் பல மடங்கு பெருக்கி, மலை, ஆறு, சதுப்பு நிலம்னு நிலவகை எல்லாம் சேர்த்தார்.

அடுத்த பாய்ச்சல் பிரஷ்யாவுல. 1812-ல ரைஸ்விட்ஸ் என்பவர் நிலத்தை மாதிரி செஞ்ச துண்டுகளோட ஒரு போர் மேஜையை அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்முக்குச் செஞ்சு கொடுத்தார். அவரோட மகன் பீரங்கிப் படை அதிகாரி. அவர் 1824-ல அதை வரைபடத்துக்கு மாத்தினார். பகடையும் சேதக் கணக்கு அட்டவணையும் உள்ள விதிப்புத்தகம் வந்தது. அதுக்குப் பேர் க்ரீக்ஸ்ஷ்பீல். ஜெர்மன்ல போர் விளையாட்டுன்னு அர்த்தம். படைத்தலைமை அதிகாரி மியூஃப்லிங்குக்குப் பிடிச்சுப் போக, ராணுவத்துக்குள்ளேயே பயிற்சிக்குப் பரவினது.

அந்த விளையாட்டுல ரெண்டு அணியையும் தவிர மூணாவதா ஒரு நடுவர் உண்டு. யார் எதைப் பார்க்க முடியும், எவ்வளவு சேதம், எல்லாம் அவர் கையில. 1876-ல வெர்டி டு வெர்னுவாங்கிற அதிகாரி இன்னும் ஒரு படி மேல போனார். பகடையும் அட்டவணையும் வேகத்தைக் குறைக்குது, அனுபவமுள்ள நடுவர் தன் அறிவை வச்சே முடிவு சொல்லட்டும்னு எழுதினார்.

1913-ல எச்.ஜி. வெல்ஸ், நாம டைம் மெஷின் கதைக்காகத் தெரிஞ்சு வச்சிருக்கிற அதே ஆள், 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு விதிப்புத்தகம் போட்டார். அவர் ஆட்டத்துல சுடுறதுக்குப் பகடையே கிடையாது. ஸ்ப்ரிங் வச்ச பொம்மைப் பீரங்கியால குட்டி மரக்கட்டையை நிஜமாவே சுடணும். கீழே விழுந்த சிப்பாய் செத்தான். வாதத்துக்கு இடமே இல்ல, ஈர்ப்பு விசையே நடுவர்! நிஜப் போரை விட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல்னு புத்தக முடிவுல வாதாடவும் செஞ்சார். அடுத்த வருஷமே முதல் உலகப் போர் ஆரம்பிச்சது.

கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 1975-ல லண்டன்ல மூணு நண்பர்கள் ஆரம்பிச்சது. தொடக்கத்துல மரத்துல விளையாட்டுப் பலகைதான் செஞ்சு வித்தாங்க. 1983-ல வார்ஹாமர், 1987-ல ரிக் ப்ரீஸ்ட்லி எழுதின வார்ஹாமர் 40,000 முதல் பதிப்பு. தலைமையகம் இப்போ நாட்டிங்ஹாம்ல. முதல் பதிப்புல ஆட்டத்தை நடத்த ஒரு நடுவர் இருக்கிறது நல்லதுன்னுதான் சொல்லியிருந்தாங்க. காலப்போக்குல அந்த நாற்காலி காலியாயிடுச்சு. இன்னைக்குப் பெரிய போட்டிகள்ல மட்டும் நடுவர் இருப்பார். சாதாரண ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல ரெண்டே பேர்தான்.

மேஜை மேல என்ன நடக்குது

கம்பெனி வேலையா கொஞ்ச மாசம் இங்கிலாந்துல இருந்தப்போ, டீம்ல ஒருத்தர் வாராவாரம் ஒரு கிளப்புக்குப் போவார். ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போனார். சர்ச் ஹால் ஒன்னு, நீளமான மடக்கு மேஜைகள், ஓரத்துல டீ போடுற கெட்டில். அவர் கூடவே ஆடினேன். 2023-ல வந்த பத்தாவது பதிப்பு விதிகள். கத்துக்கிற ஆட்டம்ங்கிறதால படை சின்னது.

எனக்கு ஸ்பேஸ் மரீன்கள். கனமான கவசம் போட்ட, எண்ணிக்கையில குறைவான வீரர்கள். இன்டர்செஸ்ஸர்னு ஐந்து பேர் கொண்ட ரெண்டு குழு, ஒரு கேப்டன். அவருக்கு டைரனிட்கள். பூச்சியும் டைனோசரும் கலந்த மாதிரி ஒரு கூட்டம். டெர்மகன்ட்ங்கிற சின்ன உயிர் பத்துப் பத்தா ரெண்டு கூட்டம், ஸ்க்ரீமர்-கில்லர்னு ஒரு பெரிய மிருகம்.

கட்டம் கிடையாது. உங்க ஆள் 6 அங்குலம் நகரலாம்னா, டேப்பை வச்சு எந்தத் திசையில வேணாலும் 6 அங்குலம். எதிரி தெரியுறானான்னு பார்க்கணும்னா, குனிஞ்சு பொம்மையோட கண் மட்டத்துக்கு உங்க கண்ணைக் கொண்டு போய்ப் பார்க்கணும். அந்த ஹால்ல நாற்பது ஐம்பது வயசுக்காரங்க எல்லாம் ஒரு கண்ணை மூடிட்டு மேஜை ஓரத்துல தாடையை வச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க.

ஒவ்வொருத்தர் முறைக்கும் ஐந்து கட்டம். கட்டளை, நகர்வு, சுடுறது, பாய்ஞ்சு மோதுறது, கைச்சண்டை. இப்படி ஆளுக்கு ஐந்து முறை வந்தா ஆட்டம் முடிஞ்சது. எத்தனை பேரைக் கொன்னீங்கங்கிறதை விட, மேஜையில குறிச்சு வச்ச சில இடங்களை யார் பிடிச்சு வச்சிருக்காங்கங்கிறதுக்குத்தான் பாயின்ட்.

மூணு சல்லடை

புதுசா வர்றவங்க மிரள்றது சுடுற கட்டத்துல. எதுக்கு இத்தனை தடவை பகடை உருட்டணும்? இதை மூணு சல்லடையா நினைச்சுக்கோங்க.

என் ஐந்து இன்டர்செஸ்ஸர், ஆளுக்கு 2 குண்டு, மொத்தம் 10 பகடை. முதல் சல்லடை, குண்டு பட்டதா? 3 அல்லது அதுக்கு மேல விழுந்தா பட்டது. ஆறுல நாலு வாய்ப்பு. சராசரியா 10-ல 6.7 தங்கும். ரெண்டாவது சல்லடை, பட்ட குண்டு காயம் பண்ணுச்சா? இங்க என் ஆயுதத்தோட பலத்தையும் அவர் உயிரோட உறுதியையும் ஒப்பிடணும். என் பலம் 4, டெர்மகன்ட்டோட உறுதி 3. பலம் அதிகம்ங்கிறதால மறுபடி 3 விழுந்தா போதும். 4.4 தங்கும். மூணாவது சல்லடை கவசம். இந்தப் பகடையை உருட்டுறது எதிராளி. டெர்மகன்ட் சாதாரணமா 5 விழுந்தா தப்பிக்கும். என் குண்டு கவசத்தை ஒரு படி துளைக்கும்ங்கிறதால இப்போ 6 விழணும். கடைசியில சராசரியா 3.7 டெர்மகன்ட் சாகும்.

இதே 10 குண்டை ஸ்க்ரீமர்-கில்லர் மேல சுட்டா? அதோட உறுதி 9. என் பலம் அதுல பாதிக்கும் கீழே. அதனால காயம் பண்ண 6 மட்டும்தான். அதோட கவசமும் தடி. என் குண்டு துளைச்ச பிறகும் 3 விழுந்தா தப்பிக்கும். கணக்குப் போட்டா 0.37 காயம். சரியா பத்துல ஒரு பங்கு! அந்த மிருகத்துக்கு மொத்தம் 10 உயிர். இந்தத் துப்பாக்கியை மட்டும் நம்பினா ஆட்டம் முடியுற வரைக்கும் அது நடந்து வந்துட்டே இருக்கும். எதை எது மேல சுடணும்ங்கிற தேர்வு எவ்வளவு முக்கியம்னு இந்த ரெண்டு எண்ணே சொல்லிடும்.

இதை ஒரே பகடையில முடிச்சிருக்கலாமே? முடியும். ஆனா மூணு சல்லடையும் மூணு வேற கதை சொல்லுது. சுடுறவன் திறமை, ஆயுதம் உடம்பு மேல என்ன பண்ணும், கவசம் தாங்குமா. முக்கியமா, மூணாவது உருட்டல் எதிராளி கையில இருக்கு. அவர் முறை இல்லாத நேரத்துலயும் தன் ஆளைக் காப்பாத்துற பகடையை அவரே உருட்டுறார். மொபைலை நோண்ட நேரம் இல்ல. உருண்டு நிக்கிற பகடையை நாலு கண்ணும் ஒன்னா பார்க்குது.

சராசரியை நம்பியும் உட்கார முடியாது. 3.7-ங்கிறது நீண்ட கால சராசரி. அந்த ஒரே ஒரு சுடுதல்ல 2-லேருந்து 5 வரைக்கும் சாக வாய்ப்பு 81 சதவீதம். ஒன்னு அல்லது ஒன்னுமே சாகாம போக கிட்டத்தட்ட 7 சதவீதம். தாயக்கட்டை உருட்டி தாயம் விழாம காய் இறக்க முடியாம உட்கார்ந்திருந்த யாருக்கும் இதைப் புதுசா சொல்ல வேண்டாம். அதனால நல்லா ஆடுறவங்க போடுற திட்டம் "நாலு சாகும்"னு இருக்காது. "ரெண்டே செத்தாலும் நான் தாங்குவேனா"ன்னு இருக்கும். சர்வர் கெப்பாசிட்டி பிளான் பண்றவங்களுக்கு இந்தக் கேள்வி நல்லா பழக்கமானதுதான்.

ரெண்டு அங்குலத்தோட விலை

பாய்ஞ்சு மோதுறதுக்கு ரெண்டு பகடை உருட்டிக் கூட்டணும். எதிரிக்கு 1 அங்குலம் பக்கத்துல போய் நின்னா போதும். 8 அங்குல தூரத்துல எதிரி இருந்தா 7 விழணும். 36-ல 21 வாய்ப்பு, 58 சதவீதம். 10 அங்குலம்னா 9 விழணும். 36-ல 10, அதாவது 28 சதவீதம். ரெண்டே அங்குலம் தள்ளி நின்னதுல ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கிடுது! இதுக்காகத்தான் எல்லாரும் ஒவ்வொரு அடியையும் டேப் வச்சு அளந்துட்டே இருக்காங்க. முன்கூட்டியே எதை வேணாலும் அளந்து பார்க்கவும் விதி அனுமதிக்குது.

என்னோட முக்கியமான முடிவு ஒரு குழுவை நகர்த்துறதா நிறுத்துறதாங்கிறதுதான். நகர்ந்தா மேஜை நடுவுல இருக்கிற குறியிடத்தைப் பிடிக்கலாம். ஒரு குழுவை நடுவுக்கு அனுப்பிட்டு, இன்னொரு குழுவை இருந்த இடத்துலயே நிறுத்தினேன். நின்ன குழுவுக்காகப் பகடையைக் கையில எடுக்குறேன். அப்போ எதிர்ல இருந்தவர் சொன்னார், "இவங்க நகரவே இல்லையே. உங்க துப்பாக்கிக்கு ஹெவின்னு ஒரு விதி இருக்கு. பகடையில 1 கூட்டிக்கோங்க." அதாவது இனி 2 விழுந்தாலே குண்டு படும். 3.7-ங்கிற சராசரி 4.6 ஆகுது. சாகப் போறது அவரோட டெர்மகன்ட்கள். எனக்குத் தெரியாத விதியை, எனக்குச் சாதகமான விதியை, அவரே எடுத்துக் கொடுத்தார். ஐந்து செத்தது. சிரிச்சுட்டே அஞ்சையும் எடுத்து ஓரமா வச்சார்.

அவர் நகர்த்தும்போதும் ஒரு பழக்கம் கவனிச்சேன். "இந்தச் சுவருக்குப் பின்னால வைக்கிறேன். உங்க கேப்டனுக்கு இது தெரியக் கூடாதுங்கிறதுதான் என் நோக்கம். தெரியலைன்னு ஒத்துக்கிறீங்களா?" நானும் குனிஞ்சு பார்த்து ஓகே சொன்னேன். அடுத்த முறை என் கை பட்டு அந்தப் பொம்மை கால் அங்குலம் நகர்ந்திருந்தாலும் பிரச்சினை இல்ல. பேசி வச்ச ஒப்பந்தம் இருக்கு. நோக்கத்தைச் சொல்லி ஆடுறதுன்னு இந்தப் பழக்கத்துக்குப் பேர். அனுபவசாலிகள் கிட்ட இது பரவலா உண்டு. ரெண்டு சர்வீஸ் பேசிக்கும்போது முதல்லயே ஒப்பந்தம் எழுதி வைக்கிறோம்ல, அதே யோசனை. பிறகு சண்டை வர்ற இடத்தை முன்னாடியே பேசி மூடிடுறது.

கடைசி முறை அவரோடது. நடு குறியிடத்துல என் மரீன் ரெண்டு பேர் மிச்சம். அவர் பக்கம் டெர்மகன்ட் மூணு. அந்த இடத்தை யார் பிடிச்சிருக்காங்கன்னு கணக்குப் பார்க்க ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் உண்டு. இந்த ரெண்டு வகைக்குமே ஆளுக்கு 2. என்கிட்ட 4, அவர்கிட்ட 6. மூணு பேரும் குறியிடத்துக்கு 3 அங்குலத்துக்குள்ள இருந்தா இடம் அவருக்கு. ஆட்டமும் அவருக்கு. மூணாவது டெர்மகன்ட் கோட்டு மேலேயே நிக்குது. நான் மேஜைக்கு இந்தப் பக்கம். என் பார்வைக்கு உள்ளே இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சது. அவர் டேப்பை வச்சார், குனிஞ்சார், டேப்பை எடுத்துட்டு மறுபடி வச்சார். "எட்டலை" அப்படின்னார். ஒரு நூல் அளவு வித்தியாசம். நாலுக்கு நாலு. இடம் யாருக்கும் இல்ல, ஆட்டம் டிரா.

எனக்கு அது பெரிய விஷயமா தெரிஞ்சது. அவருக்கு அப்படி இல்ல. கெட்டிலை ஆன் பண்ணப் போயிட்டார். யோசிச்சுப் பார்த்தா காரணம் புரியுது. அவர் அங்க "எட்டுது"ன்னு சொல்லியிருந்தா ஒரு ஆட்டம் ஜெயிச்சிருப்பார். ஆனா அடுத்த வாரம் அதே ஹால்ல அதே முப்பது பேர் கூடத்தான் ஆடணும். அளக்குற கை மேல சந்தேகம் வந்துட்டா, ஒவ்வொரு அங்குலத்துக்கும் ரெண்டு பேர் அளக்கணும், மூணு மணி நேர ஆட்டம் ஆறு மணி நேரம் ஆகும். எஞ்சின் நின்னுடும்.

சரி, நம்மால ஆட முடியுமா?

இதுவரைக்கும் கேட்டுட்டு உடனே பெட்டி வாங்கக் கிளம்பாதீங்க. விலை உண்மையிலேயே அதிகம். தொடக்கப் படைப் பெட்டி ஒன்னே இங்கிலாந்துல நூறு பவுண்டுக்கு அக்கம்பக்கம். இந்தியாவுக்கு வரவழைச்சா அனுப்புற செலவும் சுங்க வரியும் மேல. பெட்டிக்குள்ள இருக்கிறது பிளாஸ்டிக் துண்டுகள்தான். நீங்களே வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கணும். பசை, தூரிகை, பெயின்ட் செலவு தனி. முழு அளவு ஆட்டம் 2000 புள்ளிப் படை, 60-க்கு 44 அங்குல மேஜை. அது நம்ம ஊர் அபார்ட்மென்ட் ஹால்ல நல்லாவே இடத்தை அடைக்கும். போதாக்குறைக்கு, வருஷத்துல சில தடவை கம்பெனி புள்ளிக் கணக்கை மாத்தும். நம்ம பாஷையில பேட்ச். போன மாசம் பலமா இருந்த படை இந்த மாசம் சுமாராகலாம். பலத்தைப் பார்த்து வாங்கினவங்களுக்கு அது எரிச்சல். பார்க்கப் பிடிச்சதை வாங்கினவங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்ல.

ஆனா விளையாட்டுக்குப் பொம்மை கட்டாயம் இல்ல. பத்தாவது பதிப்போட அடிப்படை விதிகளை கம்பெனியே இலவசமா வெளியிட்டது. இன்டர்செஸ்ஸர் நிக்கிற வட்டம் 32 மில்லிமீட்டர், டெர்மகன்ட் நிக்கிறது 28. அந்த அளவுல அட்டையை வெட்டி பேர் எழுதினா படை ரெடி. புத்தகங்களை அடுக்கி வச்சா கட்டடம். இன்னும் எளிமையா வேணும்னா ஒன் பேஜ் ரூல்ஸ்னு ஒரு குழு, பெயருக்கு ஏத்த மாதிரி அடிப்படை விதிகளைச் சில பக்கத்துல சுருக்கி இலவசமா கொடுக்குது. கிரிம்டார்க் ஃப்யூச்சர் அவங்க விண்வெளிப் போர் விளையாட்டு. எந்தக் கம்பெனி பொம்மையை வச்சும் ஆடலாம். நண்பர் வேற ஊர்ல இருந்தா, டேபிள்டாப் சிமுலேட்டர் மாதிரி மென்பொருள்ல மெய்நிகர் மேஜை போடலாம். அதுலயும் விதியை நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும்.

சொந்தமா ரெசின் 3டி பிரின்டர்ல அச்சடிக்கலாமேன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கெட்டியாகாத ரெசின் தோலுக்கு ஆகாது, வாடையும் ஆகாது. கையுறை போடாம, காத்தோட்டம் இல்லாத படுக்கை அறையில அந்த வேலையைப் பண்ணாதீங்க.

முதல் ஆட்டத்துக்கு என் யோசனை இது. ஆளுக்கு ரெண்டு குழு போதும். முதல் ரெண்டு முறை வரைக்கும் எல்லாக் கணக்கையும் சத்தமா சொல்லிட்டே ஆடுங்க. பகடை எதுலயாவது சாஞ்சு நின்னா மறுபடி உருட்டணும்னு ஆரம்பத்துலயே பேசிக்கோங்க. விதியில சந்தேகம் வந்து ரெண்டு நிமிஷத்துல பதில் கிடைக்கலைன்னா, ஒரு பகடை உருட்டி முடிவு பண்ணிட்டு மேல போங்க. வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கலாம். கூட ஆட ஆளைத் தேடும்போது யார் நல்லா ஆடுறாங்கன்னு பார்க்காதீங்க. தனக்கு எதிரா வர்ற அளவையும் சத்தமா சொல்றவங்க யாருன்னு பாருங்க. அப்படி ஒருத்தர் கிடைச்சுட்டா, அட்டை வட்டமே ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

டேப், அட்டை, பத்துப் பகடை. மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. ஆடிப் பார்த்துட்டு எப்படி இருந்ததுன்னு குரல் பதிவா அனுப்புங்க, நல்லதா வந்ததை அடுத்த எபிசோடுல போடுறேன்.